துணை ஹீட்டரைப் பார்க்கிங் ஹீட்டராக மாற்ற முடியுமா? (2004 டீசல் வேகன்)

மூடுபனி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2004 மாடல் டீசல் ஸ்டேஷன் வேகன், ஆட்டோமேட்டிக் ஏசி. புதிதாக விற்ற காலத்தில் பார்க்கிங் ஹீட்டர் (எஞ்சின் ஓடாமலேயே வண்டியைச் சூடாக்குவது) கூடுதல் விலைக்குக் கிடைத்திருக்கிறது. முதலில் வாங்கியவர் அதை எடுக்கவில்லை. ஆனால் போன வாரம் முன்பக்க பம்பரைக் கழற்றியபோது உள்ளே ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்தேன். அதற்கென்று தனிப் புகைக்குழாய், தனி டீசல் குழாய், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்துக்கு இரண்டு குழாய்கள். மெக்கானிக்கிடம் கேட்டால் "அது துணை ஹீட்டர், பார்க்கிங் ஹீட்டர் இல்லை, அது வேணும்னா முழு கிட்டையும் வாங்கணும்" என்கிறார்.

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே? உள்ளதை வைத்துக்கொண்டு கம்பெனி ஆப்ஷன் போலவே ஆக்க முடியாதா? வண்டி தெருவில்தான் நிற்கும், பக்கத்தில் பிளக் கிடையாது. குளிர்காலக் காலைகளில் மைனஸ் 15 வரை இறங்கும். கண்ணாடி சுரண்டிச் சுரண்டிக் கை மரத்துப் போகிறது.

வயரிங் வாத்தியார் எழுதியது:

மெக்கானிக் சொன்னது பாதி சரி. பெட்டி ஒன்றுதான், வேலைதான் வேறு.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டீசல் எஞ்சின் எரிபொருளை வீணாக்குவது குறைவு. அதனால் குளிரில் கூலண்டுக்குப் போகும் சூடும் குறைவு. வண்டிக்குள் சூடு வரவே வெகுநேரம் பிடிக்கும். இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய டீசல் கார்கள் பலவற்றில் டீசலை எரிக்கும் ஒரு சின்ன ஹீட்டரை வைத்தார்கள். பெரும்பாலும் வெபாஸ்டோ அல்லது எபர்ஷ்பேகர் நிறுவனத்தின் ஹீட்டர். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், வெளியே ஏறத்தாழ 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், கூலண்ட் இன்னும் சூடேறாமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது பற்றும். பார்க்கிங் ஹீட்டர் என்பது இதே அடுப்புதான், எஞ்சின் அணைந்திருக்கும்போதும் எரிய அனுமதி பெற்றது.

அந்த அனுமதிக்கு என்னென்ன தேவை? முதலாவது சர்குலேஷன் பம்ப். துணை ஹீட்டராக ஓடும்போது கூலண்டைத் தள்ளுவது எஞ்சினின் வாட்டர் பம்ப். எஞ்சின் நின்றிருந்தால் தண்ணீர் நகராது, ஹீட்டருக்குள் இருக்கும் கொஞ்சம் கூலண்ட் சீக்கிரமே கொதிநிலைக்குப் போய் அதிசூட்டுக் காவல் வெட்டிவிடும். சில வண்டிகளில் பம்ப் ஏற்கனவே இருக்கும், சிலவற்றில் அந்த இடத்தில் வெறும் குழாய்தான். முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தது கட்டளை. டைமரோ ரிமோட்டோ "பற்று" என்று சொல்ல வேண்டும், ஹீட்டரின் கண்ட்ரோல் யூனிட் அதைக் கேட்க வேண்டும். வெபாஸ்டோவில் இது டபிள்யூ-பஸ் என்ற ஒற்றை வயரில் போகும். பிறகு ப்ளோயர், அதாவது கேபினுக்குள் காற்றை ஊதும் காற்றாடி. சாவி இல்லாதபோது அதை ஓட வைக்கத் தனி வழி வேண்டும். உங்களுடையது ஆட்டோமேட்டிக் ஏசி என்பதால் தலைவலி அங்கேதான். அதைத் தனியாகப் பேசுவோம்.

நேரடி மின்சாரம் இழுக்க வேண்டுமே என்று சிலர் பயப்படுவார்கள். வேண்டியதில்லை. சாவியை எடுத்த பிறகும் இந்த ஹீட்டர் சில நிமிடம் ஊதித் தன்னைக் குளிர்த்துக்கொள்கிறது. அதற்காகவே பேட்டரியிலிருந்து நேரடி லைன் அங்கே போயிருக்கிறது.

சோம்பேறி டிரைவர் எழுதியது:

இவ்வளவு பாடா? கரண்ட்ல எஞ்சினைச் சூடாக்குற பிளாக் ஹீட்டர் ஒண்ணைச் சொருகிட்டுத் தூங்கப் போங்க. 1940-களிலேயே வட டகோட்டாவுல ஆண்ட்ரூ ஃப்ரீமன்னு ஒருத்தர் எஞ்சின் ஹெட் போல்ட்டுக்குள்ளயே ஹீட்டரை வச்சு 1949-ல பேட்டன்ட்டும் வாங்கிட்டார். டீசல் எரிக்க வேணாம், புகை இல்ல, பேட்டரியும் பிழைக்கும்.

மூடுபனி எழுதியது:

தெருவில் பிளக் இல்லை என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன் 🙂

சோம்பேறி டிரைவர் எழுதியது:

கண்ணுல படல. அப்போ அடுப்புதான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பிளக் இருந்திருந்தாலும் இரண்டும் ஒரே வேலையைச் செய்யாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கூலண்ட் சுமார் 7 லிட்டர். அதை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 26 கிலோஜூல். சூடேற வேண்டிய எஞ்சின் உலோகம் 120 கிலோ என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 60. மொத்தம் டிகிரிக்கு 86 கிலோஜூல். மைனஸ் 15-இலிருந்து 45 வரை ஏற்ற 60 டிகிரி, அதாவது 5.2 மெகாஜூல். ஹீட்டர் 5 கிலோவாட் கொடுத்தால் 17 நிமிடம். காற்றில் இழப்பது, கேபினுக்குப் போவது எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் என்று கொள்ளலாம். கம்பெனி டைமர்களும் அந்த அளவில்தான் வைக்கிறார்கள்.

அதே 5.2 மெகாஜூலை 500 வாட் பிளாக் ஹீட்டர் கொடுக்க, ஒரு துளிகூட இழப்பு இல்லை என்றாலும் மூன்று மணி நேரம் ஆகும். இழப்பும் இருப்பதால் அது 45-ஐ எட்டவே எட்டாது. எஞ்சின் நோகாமல் ஸ்டார்ட் ஆகும், அவ்வளவே. கண்ணாடிப் பனி அப்படியே இருக்கும். வடக்கு ஐரோப்பாவில் பிளாக் ஹீட்டரோடு கேபினுக்குள் தனி மின் ஹீட்டரும் வைப்பது இதனால்தான்.

டீசல் செலவு: லிட்டருக்கு 10 கிலோவாட்-மணி, ஹீட்டரின் திறன் 80 சதவீதம் என்றால், முழு வேகத்தில் மணிக்கு 0.6 லிட்டர். அரை மணிக்கு 0.3. சூடு ஏறியதும் அது பாதி வேகத்துக்கு இறங்கிவிடும் என்பதால் இன்னும் குறையும்.

கரிமூக்கன் எழுதியது:

கணக்கெல்லாம் சரி. அந்தப் பெட்டி உயிரோட இருக்கான்னு யாராவது கேட்டீங்களா?

இருபது வருசம் ஆன துணை ஹீட்டர்ல பல செத்துப் போயிருக்கும், ஓனருக்கே தெரியாது. டேஷ்போர்டுல லைட் எதுவும் எரியாது. "இந்த வண்டில சூடு கொஞ்சம் லேட்டாத்தான் வரும்"னு நினைச்சு ஓட்டிட்டு இருப்பாங்க. பம்ப்பு, ரிமோட்டு எல்லாம் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு குளிர் நாள்ல எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டு கீழ குனிஞ்சு காது கொடுங்க. முதல்ல காத்து ஊதும். அப்புறம் டீசல் பம்ப் டிக் டிக்னு அடிக்கும். அப்புறம் ஜெட் விமானம் மாதிரி ஒரு இரைச்சல். அது வந்தா பிழைச்சீங்க.

மூடுபனி எழுதியது:

இன்று காலை பார்த்தேன். காற்று ஊதியது. டிக் டிக்கும் கேட்டது. பிறகு வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது, டீசல் நாற்றம். கொஞ்ச நேரத்தில் நின்று மறுபடி முயன்றது. மறுபடி வெள்ளைப் புகை. அதோடு அணைந்துவிட்டது. இரைச்சல் வரவேயில்லை.

கரிமூக்கன் எழுதியது:

நல்ல செய்தி. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். கண்ட்ரோல் யூனிட் வேலை செய்யுது, காத்தாடி சுத்துது, டீசல் வருது. பத்த மாட்டேங்குது, அவ்ளோதான். வெள்ளைப் புகைன்னா எரியாத டீசல் ஆவி. ஒண்ணு டீசலைப் பத்த வைக்கிற குளோ பின் போயிருக்கும், இல்ல பர்னர் கரி பிடிச்சிருக்கும். வழக்கமா ரெண்டும்தான்.

ஆனா திரும்பத் திரும்ப முயற்சி பண்ணாதீங்க. ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் உள்ள தேங்கும். அப்புறம் ஒரு நாள் பத்திக்கிட்டா தேங்கினது எல்லாம் சேர்ந்து எரியும், அதைக் கிட்ட நின்னு பார்க்க நல்லா இருக்காது. தொடர்ந்து தோத்துட்டே இருந்தா யூனிட் தன்னைப் பூட்டிக்கவும் செய்யும். அப்புறம் கம்ப்யூட்டர் மாட்டித்தான் திறக்கணும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டின்னா டயக்னாஸ்டிக்ல முகவரி 18-ல போய்ப் பாருங்க, என்ன கோளாறுன்னு அதுவே சொல்லும்.

கழட்டுறது கஷ்டமில்ல. எஞ்சின் ஆறின பிறகு ரெண்டு கூலண்ட் குழாயையும் கிளாம்ப் போட்டு இறுக்கிட்டு எடுத்துடலாம். பர்னர் இன்செர்ட் பல மாடலுக்குத் தனியாவே கிடைக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள இருக்குற கரியை மரக்குச்சி, பிரஷ் வச்சு எடுங்க, இரும்பால சுரண்டினா அலுமினியம் போயிடும். கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் புதுசு போட்டே ஆகணும். பழசைத் திரும்பப் போட்டா புகை எங்க கசியும்னு சொல்ல முடியாது. அது கார்பன் மோனாக்சைடு, விளையாட்டு இல்ல.

பெருவழி எழுதியது:

வேறு யோசனை. இதே மாடலில் கம்பெனியே பார்க்கிங் ஹீட்டர் வைத்த வண்டி ஏதாவது காயலான் கடைக்கு வந்திருக்கும். அதிலிருந்து ஹீட்டர், பம்ப், வயரிங், டேஷ்போர்டு டைமர் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துவிட்டால்? எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். கம்பெனி ஆப்ஷன் என்றால் அதுதானே கம்பெனி ஆப்ஷன்.

வயரிங் வாத்தியார் எழுதியது:

வயரிங்கையும் டைமரையும் எடுங்கள், ஆட்சேபணை இல்லை. சொந்தமாக வயர் இழுத்து டேப் சுற்றியதற்கும் கம்பெனி ஹார்னஸுக்கும் (வயர்க் கட்டு) பத்து வருடம் கழித்து வித்தியாசம் தெரியும். பம்ப்பை வைத்திருக்கும் பிராக்கெட்டும் அப்படியே கிடைத்தால் பெரிய உபகாரம். ஆனால் உடைக்க வந்த வண்டியின் ஹீட்டரும் இதே வயதுதான். ஒரு கரிப்பெட்டியைக் கழற்றி இன்னொரு கரிப்பெட்டியை மாட்டுவதில் என்ன லாபம்? பழைய பம்ப்பும் வேண்டாம், புதிதே போடுங்கள்.

அந்த வண்டியிலிருந்து எடுக்க வேண்டி வரக்கூடியது ஹீட்டரின் கண்ட்ரோல் யூனிட். துணை ஹீட்டர் யூனிட்கள் சில "பார்க்கிங் முறை" என்ற கட்டளையை ஏற்கும். சிலவற்றின் மென்பொருளில் அது கிடையவே கிடையாது. உங்கள் யூனிட் எந்த ரகம் என்பதை டபிள்யூ-பஸ்ஸில் கம்ப்யூட்டரை மாட்டிக் கட்டளை கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எரிய வேண்டிய அவசியம்கூட இல்லை, காற்றாடி சுழலத் தொடங்கினால் போதும். ஏற்கவில்லை என்றால் மட்டும் யூனிட் மாற்றுங்கள். ஹீட்டரின் மாடல் வரிசையும் தலைமுறையும் ஒன்றாக இருக்க வேண்டும், டீசலுக்கு டீசல்.

பெருவழி எழுதியது:

ஹார்னஸ் எடுக்க டேஷ்போர்டையே கழற்ற வேண்டி வருமே?

வயரிங் வாத்தியார் எழுதியது:

ஆமாம். அதனால்தான் பலர் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள், விற்பவரும் வெட்டித்தான் கொடுக்கிறார். வெட்டியது வேண்டாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பேட்டரியை யாரும் பேசவில்லை. மாற்றியமைத்தவர்கள் அழுவது பெரும்பாலும் அதற்காகத்தான்.

பற்றும்போது குளோ பின் இழுப்பது 10 முதல் 20 ஆம்பியர், ஆனால் ஓரிரு நிமிடத்துக்குத்தான். எரியத் தொடங்கியபின் ஹீட்டரும் பம்ப்பும் 3 அல்லது 4 ஆம்பியர். ப்ளோயர் குறைந்த வேகத்தில் 5 அல்லது 6. ஆக மொத்தம் 10 ஆம்பியரை ஒட்டி, அரை மணிக்கு 5 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது தூசு என்று தோன்றும். ஆனால் மைனஸ் 18-ஐ ஒட்டிய குளிரில் லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ பாதியாகிவிடும். உறைந்து கிடக்கும் பேட்டரி சார்ஜையும் மெதுவாகத்தான் வாங்கும். பத்து நிமிடம் ஓட்டி, அதிலும் பின்கண்ணாடி ஹீட்டர், ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டு வேலைக்குப் போய் நிறுத்தினால், எடுத்த 5 திரும்பி வராது. மாலையிலும் அப்படியே. வாரக் கடைசியில் வண்டி "க்ளிக்" என்று சொல்லும்.

எவ்வளவு நேரம் ஹீட்டர் ஓட்டினீர்களோ அவ்வளவு நேரமாவது வண்டி ஓட வேண்டும் என்பது இந்த ஹீட்டர்காரர்கள் எல்லோரும் சொல்லும் விதி. மூடுபனி, உங்கள் பயணம் எவ்வளவு நேரம்?

கரிமூக்கன் எழுதியது:

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு சார். எஞ்சின் 40 டிகிரில இருந்தா ஸ்டார்ட்டர் கஷ்டப்படாது, எஞ்சின் குளோ பிளக்கும் நேரம் எடுக்காது. அங்க மிச்சம் ஆகுதுல்ல?

கணக்குப்பிள்ளை எழுதியது:

மிச்சம்தான், ஆனால் சில்லறை. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியரை மூன்று விநாடி இழுத்தாலும் 0.2 ஆம்பியர்-மணிகூட இல்லை. மின்னோட்டம் பெரியது, நேரம் சிறியது. ஹீட்டர் அதற்கு நேர்மாறு. பேட்டரி இளைத்திருந்தாலும் சூடான எஞ்சின் கிளம்பிவிடும் என்பது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். அதே காரணத்தால்தான் பேட்டரி தேய்வது தாமதமாகத் தெரிகிறது.

மூடுபனி எழுதியது:

ஒரு வழிக்கு 35 நிமிடம். பாதிக்கு மேல் நெடுஞ்சாலை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியென்றால் கவலை இல்லை. 20 நிமிடம் வையுங்கள். பேட்டரி ஐந்து வருடம் தாண்டியிருந்தால் முதலில் அதைச் சோதியுங்கள்.

வயரிங் வாத்தியார் எழுதியது:

இப்போது ப்ளோயர் விஷயம். சாதாரண ஏசி என்றால் ஒரு ரிலே போதும். கூலண்ட் 30 டிகிரியை ஒட்டி வந்ததும் ஹீட்டர் ரிலேக்குச் சமிக்ஞை கொடுக்கும், காற்றாடி ஓடும். ஆட்டோமேட்டிக் ஏசியில் ப்ளோயர் வேகத்தை ஒரு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் தீர்மானிக்கிறது, அதற்குக் கட்டளை கொடுக்கும் ஏசி கண்ட்ரோல் சாவி இல்லாதபோது தூங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வழி. பார்க்கிங் ஹீட்டரை அறிந்த ஏசி பேனலாக இருந்தால் கோடிங் மாற்றி அதையே எழுப்பலாம். இல்லையென்றால் ரெகுலேட்டருக்கு வேகத்தைச் சொல்லும் பி.டபிள்யூ.எம். (துடிப்பு) சமிக்ஞை தரும் சின்னத் தொகுதி ஒன்றை இடையில் வைக்க வேண்டும். ஏசி கண்ட்ரோலின் லைனையும் இந்தத் தொகுதியின் லைனையும் ரிலே வைத்துப் பிரியுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ரெகுலேட்டரிடம் பேசக் கூடாது.

இரண்டாவது வழியில் போனால் காற்றைத் திருப்பிவிடும் ஃபிளாப்புகள் நகராது. நேற்று இரவு எப்படி விட்டீர்களோ அப்படியே இருக்கும். ஆகவே வண்டியை நிறுத்தும்போது வெப்பத்தை அதிகபட்சத்திலும் காற்றை முன்கண்ணாடிக்கும் வைத்துவிட்டு இறங்குங்கள். மறந்தால் காலில் சூடும் கண்ணாடியில் பனியுமாக இருக்கும்.

நீர்வழி எழுதியது:

குழாய் இணைப்பு பற்றி யாரும் சொல்லாததால் நான். துணை ஹீட்டர் பெரும்பாலும் எஞ்சினுக்கும் கேபின் ரேடியேட்டருக்கும் இடையில் தொடராக இருக்கும். எஞ்சின், கேபின் இரண்டும் சேர்ந்தே சூடாகும். கம்பெனி பார்க்கிங் ஹீட்டர் வைத்த சில வண்டிகளில் வால்வு வைத்து முதலில் கேபின் வட்டத்தை மட்டும் சூடாக்குவார்கள். கண்ணாடி சீக்கிரம் தெளியும், எஞ்சின் குளிராகவே இருக்கும். எனக்குத் தொடர் இணைப்பே பிடிக்கும். குளிர்ந்த டீசல் எஞ்சினை எழுப்பாமல் இருப்பதுதான் இதன் பெரிய லாபம் என்பது என் கருத்து.

பம்ப் வைக்கும்போது கவனம்: ஹீட்டருக்குள் போகும் பக்கத்தில், முடிந்தவரை தாழ்வாக. வாட்டர் பம்ப் தள்ளும் திசையிலேயே இதுவும் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் மல்லுக்கு நிற்கும். வேலை முடிந்ததும் நேராக ஹீட்டரைப் பற்ற வைக்காதீர்கள். வெப்பம் அதிகபட்சத்தில் வைத்து எஞ்சினை ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் முதல் பற்றலிலேயே அதிசூடு என்று வெட்டிவிடும்.

சோம்பேறி டிரைவர் எழுதியது:

சட்டப்படி இது ஓகேவா? இன்ஷூரன்ஸ்காரன் வந்து கேட்டா?

வயரிங் வாத்தியார் எழுதியது:

எரிபொருள் ஹீட்டர்களுக்கு ஐ.நா. ஒழுங்குமுறை எண் 122 இருக்கிறது. அதை ஏற்கும் நாடுகளில் விற்ற ஹீட்டரின் தகட்டில் ஒப்புதல் முத்திரை இருக்கும். தகட்டில் வருடங்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும், முதலில் பயன்பாட்டுக்கு வந்த வருடத்தை விட்டுவிட்டு மற்றதை நீக்கியிருப்பார்கள். சோதனைக்கு வருபவர் பார்ப்பது அதைத்தான், தகட்டைக் கழுவும்போது அழித்துவிடாதீர்கள். துணை ஹீட்டரைப் பார்க்கிங் ஹீட்டராக்கும் கிட்டை உற்பத்தியாளர்களே விற்றிருக்கிறார்கள், ஆகவே இது கள்ளவேலை இல்லை. இருந்தாலும் உங்கள் நாட்டு வாகனச் சோதனை விதியையும் இன்ஷூரன்ஸையும் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

பெட்ரோல் பங்கில் ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும். துணை ஹீட்டராக இருந்தவரை எஞ்சினை அணைத்தால் அதுவும் தானே அணையும். இனி டைமர் ஓடிக்கொண்டிருந்தால் அணையாது.

கரிமூக்கன் எழுதியது:

மூடின கேரேஜ்ல எப்பவுமே ஓட்டாதீங்க, கதவு பாதி திறந்திருந்தாலும் வேணாம். டைமர் வச்ச வண்டியை ஊருக்குப் போய் யார் வீட்டு கேரேஜ்லயாவது விட்டா டைமரை அணைச்சிட்டுப் படுங்க. காஞ்ச இலைக் குவியல் மேலயும் நிறுத்தாதீங்க, புகைக்குழாய் சூடு பத்த வச்சிடும்.

இன்னொண்ணு, வெயில் காலத்துலயும் மாசம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட்டணும். இல்லைனா பம்ப்பும் காத்தாடியும் பிடிச்சுக்கும்.

மூடுபனி எழுதியது:

நிலவரம்: குளோ பின் புதிது, பர்னர் இன்செர்ட் புதிது, கேஸ்கெட் செட் புதிது. கரிமூக்கன் சொன்ன இரைச்சல் கேட்கிறது, துணை ஹீட்டராக ஒழுங்காக எரிகிறது. முன்பு நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் கேபினில் சூடு தெரியும், இப்போது தெருமுனை தாண்டும்போதே தெரிகிறது. உண்மையைச் சொன்னால் இதோடு நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு சபலம்.

யூனிட் பார்க்கிங் கட்டளையை ஏற்கிறது, ஆகவே மாற்றத் தேவையில்லை. பம்ப் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய்தான், பம்ப் வாங்கிவிட்டேன். ஏசி பேனலில் கோடிங் வழி இல்லை. தொகுதி வைக்கும் வழிதான்.

கரிமூக்கன் எழுதியது:

நிறுத்தாதீங்க. அடுப்பை சரி பண்ணதுதான் கஷ்டமான பாகம். மிச்சம் ஒரு ஞாயித்துக்கிழமை வேலை.

வயரிங் வாத்தியார் எழுதியது:

டேஷ்போர்டு அடியில் கை நுழையாத இடத்தில் ரெகுலேட்டர் இருந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

மழைக்காடு எழுதியது:

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். என்னுடையது பெட்ரோல் வண்டி, துணை ஹீட்டர் கிடையாது. டீசல் வண்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டலாமா?

வயரிங் வாத்தியார் எழுதியது:

கூடாது. பெட்ரோல் ஹீட்டருக்கு பர்னர் வேறு. டீசல் ஹீட்டரில் பெட்ரோல் விட்டால் என்ன ஆகும் என்பதை எழுதிக்காட்ட விருப்பமில்லை. பெட்ரோலுக்கென்றே செய்த ஹீட்டர்கள் இருக்கின்றன, ஆனால் உங்களுக்கு டேங்கிலிருந்து குழாய், புகைக்குழாய், கூலண்ட் இணைப்பு எல்லாமே முதலிலிருந்து வரும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வண்டி மாடலையும் எஞ்சின் கோடையும் மறக்காமல் போடுங்கள்.